கொட்டலசும் வலைக்கண்ணும்: கழிவுநீர் எப்படிச் சுத்தமாகிறது?

மண்டபத்திலோ பாம்பனிலோ மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கு விடியற்காலையில் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். ஏலம் முடிந்து கூடைகள் வண்டி ஏறியதும் தரையைக் கழுவிவிடுவார்கள். ரத்தம், செதில், குடல் துணுக்கு, ஐஸ் உருகிய தண்ணீர், கொஞ்சம் டீசல் எல்லாம் கலந்து இளஞ்சிவப்பாக ஓடிவரும். அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். செதிலும் மணலும் அடியில் படியும். எண்ணெய் மேலே மிதக்கும். நடுவில் இருக்கிற தண்ணீர் மங்கலாகவே நிற்கும். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினால் இன்னும் கொஞ்சம் தெளியும். ஆனால் நாற்றம் போகாது.

நாற்றத்தைத் தருகிற பொருள் தண்ணீரில் கரைந்துவிட்டது. அதனால்தான் துணிக்கு அது அகப்படவில்லை. மிதப்பதை அள்ளலாம், கனமானதைப் படியவிடலாம், கரைந்ததை என்ன செய்வது? எங்கள் பக்கம் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி ஊருணித் தண்ணீரைத் தெளியவைப்பார்கள். அருமையான முறை. ஆனால் அது சேற்றுத் துகள்களைத் திரட்டி அடியில் உட்காரவைக்கும் முறை. கரைந்த உப்பிடம் தேத்தாங்கொட்டையின் வேலை நடக்காது.

கரைந்ததைப் பிரிக்க இன்று உலகம் முழுக்க நம்பியிருக்கிற வழிகளில் இரண்டை இங்கே சொல்கிறேன். ஒன்று, அழுக்கை ஏதாவது ஒரு பொருளில் ஒட்டவைத்துப் பிடிப்பது. இன்னொன்று, அழுக்கை மறித்துவிட்டுத் தண்ணீரை மட்டும் அந்தப் பக்கம் போகவிடுவது.

ஒட்டவைத்துப் பிடிப்பது

முதல் வழிக்குப் பாடப்புத்தகப் பெயர் பரப்பு கவர்தல். பலரும் இதை உறிஞ்சுதலோடு குழப்பிக்கொள்கிறார்கள். கரையில் இழுத்துப் போட்டிருக்கும் ஒரு பழைய வல்லத்தின் அடியைப் பாருங்கள். மரம் தண்ணீரில் ஊறியிருக்கும். தண்ணீர் மரத்துக்கு உள்ளே போயிருக்கிறது, அது உறிஞ்சுதல். அதே மரத்தின் வெளிப்பக்கத்தில் கொட்டலசு என்கிற சின்ன ஓட்டு உயிர் கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும். அது உள்ளே போகவில்லை, மேற்பரப்பில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. பரப்பு கவர்தல் அந்த மாதிரி. கொட்டலசுக்குத் தன் பசை உண்டு. அழுக்கு மூலக்கூறுக்குப் பசை கிடையாது, அதற்கும் பரப்புக்கும் நடுவே இருக்கிற மெல்லிய ஈர்ப்புதான் அதைப் பிடித்துவைக்கிறது.

சரி, நிறைய அழுக்கைப் பிடிக்க வேண்டும் என்றால் நிறையப் பரப்பு வேண்டும். அதைக் கொஞ்ச இடத்தில் மடக்கித் தருகிற பொருள் கரி.

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கரியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். காற்று அதிகம் புகாமல் வெந்தால் ஈரமும் புகையும் வெளியேறிக் கரி மிஞ்சும். அடுப்புக்கு அது போதும், தண்ணீர் வேலைக்குப் போதாது. அந்தக் கரியை மறுபடியும் 800, 900 டிகிரி சூட்டில் வைத்து நீராவி படவிட வேண்டும். நீராவி கரியை உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளைத் திறந்துவிடும். இப்படித் தயாராவதைத்தான் ஆக்டிவேட்டட் கார்பன் என்கிறோம். தமிழில் கிளர்வூட்டிய கரி என்று எழுதுவார்கள்.

இதில் ஒரு கிராமுக்குள் இருக்கிற பரப்பு 500 முதல் 1500 சதுர மீட்டர் வரை. நடுவே 1000 என்று வைத்துக்கொண்டால் நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட். வீடு கட்டி, பின்னால் நாலு தென்னையும் வைக்கிற அளவு மனை ஒரு சிட்டிகைக் கரிக்குள் மடங்கிக் கிடக்கிறது. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நான் தப்பாகப் பெருக்கிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். சரியாகத்தான் இருந்தது.

கொட்டாங்குச்சியிலிருந்து செய்த கரிக்கு இந்த வேலையில் தனி மதிப்பு. அது கெட்டியானது, எளிதில் பொடியாகாது, மிகச் சிறிய துளைகள் அதில் அதிகம். மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்பிய பெண்கள் எங்கள் கரையில் ஊருக்கு ஊர் உண்டு. நல்ல தண்ணீருக்கு அன்றைக்கும் அந்தக் கொட்டாங்குச்சிதான் கைகொடுத்தது, இன்றைக்கும் அதுதான்.

கரி எதைப் பிடிக்கும், எதை விடும் என்பதுதான் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம். கரியின் பரப்பு எண்ணெயின் குணத்துக்கு நெருக்கமானது. சாயம், பூச்சிமருந்து, பல மருந்துகளின் மிச்சம், வாடை தருகிற கரிமப் பொருட்கள் இவையெல்லாம் தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாதவை. கரியைக் கண்டால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். உப்பின் கதை வேறு. அது கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று மின்னூட்டம் கொண்ட அயனிகளாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சுற்றி நின்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை விட்டுக் கரியிடம் வர அதற்குத் தேவையே இல்லை. நைட்ரேட்டும் தண்ணீரின் கடினத்தன்மையும் கூடக் கரியிடம் பெரும்பாலும் அகப்படாது.

வீட்டிலேயே பார்க்கலாம். மீன்தொட்டிக் கடையில் மெத்திலீன் புளூ சொட்டு மருந்தும் கார்பனும் கிடைக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு நீலம் விட்டு, கழுவிய கார்பனை இரண்டு ஸ்பூன் போட்டு, அவ்வப்போது கலக்கிவிட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் நீலம் வெளுத்திருக்கும். கார்பனைப் பொடித்துப் போட்டால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும், துளைகளின் வாசல் அழுக்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இன்னொரு டம்ளரில் உப்புத் தண்ணீர் எடுத்து, புதிய கார்பனைப் போட்டு அதே மாதிரி வைத்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். உப்பு குறைந்திருக்காது. இந்தத் தண்ணீர் எதையும் வாயில் வைக்க வேண்டாம், பரிசோதனை முடிந்ததும் கொட்டிவிடுங்கள்.

கரியில் இடம் தீர்ந்துபோவதும் உண்டு. 1918-இல் இர்விங் லாங்மியூர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இதைக் கணக்காக எழுதினார். பரப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்கள் இருக்கின்றன, ஓர் இடத்தில் ஒரு மூலக்கூறுதான் உட்காரலாம் என்று அவர் வைத்துக்கொண்டார். பரப்பு வேதியியலில் செய்த வேலைக்காக 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ராமேஸ்வரத்தில் கிளம்பும் மதுரை பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிமடத்தில் ஏறுகிறவருக்கு சீட் இருக்கும். உச்சிப்புளியில் தேட வேண்டியிருக்கும். ராமநாதபுரத்தில் நின்றுகொண்டுதான் போக வேண்டும்.

ஆலைகளில் உயரமான தொட்டியில் கரியை நிரப்பி மேலிருந்து தண்ணீரை விடுவார்கள். தண்ணீர் கரியோடு ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை இருக்கும்படி அளவு வைப்பார்கள். முதலில் மேல் அடுக்கு நிரம்பும், பிறகு அதற்குக் கீழ் அடுக்கு, அப்புறம் அதற்கும் கீழ். கடைசி அடுக்கும் நிரம்பிய நாளில் அழுக்கு அப்படியே வெளியே வரத் தொடங்கும். கரி அன்றைக்கும் அதே கறுப்பாகத்தான் இருக்கும், தண்ணீரும் தெளிவாகத்தான் தெரியும். வீட்டு ஃபில்டரில் கார்பனைக் காலத்தில் மாற்றச் சொல்வது இதனால்தான். நாள்பட்ட கரியில் பாக்டீரியாவும் குடியேறும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நாலு வருடம் மாற்றாமல் வைத்திருந்த கார்பனைக் கழற்றியபோது அடித்த வாடையை நான் மறக்கவில்லை. அவ்வளவு நாளும் குழந்தைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

கரி விட்டுவிடுகிற சிலவற்றை நம் கடலே தருகிற பொருட்கள் பிடிக்கின்றன. மண்டபம் பக்கம் கட்டக்கோரை என்று சொல்லும் பழுப்புக் கடற்பாசியின் உடலில் ஆல்ஜினேட் என்ற பிசின் போன்ற பொருள் இருக்கிறது. அது தன்னிடம் இருக்கும் கால்சியத்தை விட்டுவிட்டு ஈயம், செம்பு, காட்மியம் போன்ற உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கும் கைட்டினைப் பக்குவம் செய்தால் கைட்டோசான் கிடைக்கும். அது சாயத்தையும் உலோகத்தையும் கவரும். ஆனால் உப்பு மிகுந்த தண்ணீரில் கடற்பாசியின் பிடி தளரும். கால்சியமும் மக்னீசியமும் அதே இடத்துக்குப் போட்டிக்கு வந்துவிடுகின்றன. அதோடு, இதற்காகப் புதிதாகப் பாசியைப் பிடுங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பாசிப் படுகை மீன்குஞ்சு வளர்கிற இடம். ஆல்ஜினேட் எடுத்தபின் ஆலையில் மிஞ்சும் சக்கையையும், குப்பைக்குப் போகிற இறால் ஓட்டையும் வைத்துச் செய்தால் அது உண்மையான லாபம்.

டீசல் படலத்துக்கு இலவம்பஞ்சு நல்லது. அதன் இழையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரில் நனையாமல் எண்ணெயை மட்டும் இழுத்துக்கொண்டு மிதக்கும்.

மறித்து நிறுத்துவது

இரண்டாவது வழி சவ்வு வடிகட்டல். வலை தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த மாதிரி. சூடைக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை, பாரைக்கு ஒரு வலை. வலையின் கண் எவ்வளவு என்பதை வைத்துத்தான் எது மாட்டும், எது தப்பும் என்பது. சவ்விலும் அப்படித்தான், அளவுதான் வேறு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுண்வடிகட்டல் சவ்வின் கண் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும், சேறும் பெரும்பாலான பாக்டீரியாவும் அதில் நின்றுவிடும். அதைவிடப் பத்து மடங்கு சின்னக் கண் கொண்டது மீநுண் வடிகட்டல். வைரஸும் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளும் அதில் நிற்கும். மீன் கழுவின தண்ணீரின் மங்கல் இங்கேதான் தெளியும். அடுத்தது நானோ வடிகட்டல். தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மக்னீசியத்தையும் சாயங்களையும் பெரும்பாலும் நிறுத்தி, சாதாரண உப்பில் ஒரு பகுதியை விட்டுவிடும்.

கடைசியாக வருவது எதிர் சவ்வூடு பரவல், எல்லோரும் ஆர்.ஓ. என்று சொல்வது. இங்கே வலை உவமை உதவாது. ஆர்.ஓ. சவ்வில் வலை மாதிரித் திறந்த கண் கிடையாது. தண்ணீர் மூலக்கூறுகள் சவ்வின் பொருளுக்குள்ளேயே நுழைந்து, நெளிந்து, அந்தப் பக்கம் வெளிவருகின்றன. உப்பு அயனிக்கு அது மிகக் கடினம்.

இதைப் புரிந்துகொள்ளக் கருவாட்டிலிருந்து தொடங்கலாம். மீனைக் கீறி உப்பு அடைத்து வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. மீனின் உடலில் இருக்கும் செல்களின் சவ்வு வழியாகத் தண்ணீர் உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குப் போகிறது. இது சவ்வூடு பரவல், யாரும் தள்ளாமலே நடப்பது. நமக்கு வேண்டியது இதன் நேர் எதிர். உப்புப் பக்கத்திலிருந்து தண்ணீர் வெளியே வர வேண்டும். அதற்கு உப்புப் பக்கத்தில் பலமாக அழுத்த வேண்டும். கடல்நீருக்கு அந்த இயல்பான இழுப்பைச் சமன் செய்யவே சுமார் 27 பார் அழுத்தம் வேண்டும். வேகமாகத் தண்ணீர் எடுக்க 55 முதல் 70 பார் வரை போக வேண்டும். காரின் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். அதை வைத்து இந்த பம்பு படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய நல்ல ஆலைகளில் கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நம் மாவட்டத்தில் நரிப்பையூரில் இந்த முறையில்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைந்தது.

இந்தச் சவ்வின் வரலாற்றில் நமக்குப் பழக்கமான ஒரு பெயர் இருக்கிறது. உப்பை நிறுத்தும் சவ்வு முன்பே இருந்தாலும், அதன் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு புதிய சவ்வைச் செய்தார்கள். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், கீழே அதைத் தாங்கும் பஞ்சு போன்ற தடித்த பகுதி. உப்பை மறிக்கும் வேலையை அந்த மெல்லிய தோல் மட்டும் பார்ப்பதால் தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில் இந்த முறையில் குடிநீர் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று நம் சமையலறைச் சுவரில் தொங்குகிற பெட்டி அந்தச் சவ்வின் வழித்தோன்றல்.

சவ்வின் பெரிய எதிரி அடைப்பு. வலையில் பாசியும் சொறி என்கிற ஜெல்லிமீனும் அப்பிக்கொண்டால் வலை கனத்துப்போகும், நீரோட்டம் அதைக் கிழிக்கப் பார்க்கும். அப்படித்தான் சவ்வின் முகத்தில் சேறு, கொழுப்பு, சுண்ணாம்பு, பாக்டீரியா எல்லாம் படியும். அதனால் தண்ணீரைச் சவ்வில் நேராக மோதவிடாமல் அதன் முகத்தை ஒட்டி ஓடவிடுவார்கள். ஓட்டம் படிவை அலசிக்கொண்டே போகும். அப்படியும் அவ்வப்போது மருந்து விட்டுக் கழுவத்தான் வேண்டும்.

இரண்டையும் எங்கே வைப்பது

ஏலக்கூடத்துத் தண்ணீருக்குத் திரும்பி வருவோம். அதை நேராகக் கரியிலோ ஆர்.ஓ.விலோ விட்டால் இரண்டும் சீக்கிரமே கெட்டுவிடும். மீன் பதப்படுத்தும் இடங்களின் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். பி.ஓ.டி. என்பது அந்த அழுக்கைத் தின்று தீர்க்க பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன். கடலோரத்தில் வெளியேற்றும் கழிவுநீருக்கு நம் நாட்டுப் பொது விதியில் உள்ள வரம்பு 100. ஆகவே முதலில் சல்லடை, பிறகு எண்ணெய் பிரிக்கும் தொட்டி, அப்புறம் காற்று ஊதி பாக்டீரியாவை வளர்க்கும் தொட்டி. மலிவாகப் பெரும்பகுதியைத் தின்று முடிப்பது பாக்டீரியாதான். நைட்ரஜனையும் கூட இந்தக் கட்டத்தில் குறைப்பதுதான் நல்லது. கரியும் சவ்வும் அதற்குப் பின்னால் வர வேண்டியவை. முதல் கட்டத்தில் செலவைச் சுருக்கிவிட்டுக் கடைசியில் விலையுயர்ந்த சவ்வை மாட்டுவது வீண் செலவு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆர்.ஓ.வுக்கு முன்னால் கரி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்று பெரும்பாலான ஆர்.ஓ. சவ்வு பாலியமைடால் ஆனது. கிருமியைக் கொல்லப் போடுகிற குளோரின் அதை அரித்துவிடும். கரி அந்தக் குளோரினை முன்கூட்டியே நீக்கிவிடுகிறது. சுவரில் தொங்கும் பெட்டியில் கார்பன் குழாய் சவ்வுக்கு முன்னால் இருப்பதும் இதற்குத்தான்.

நைட்ரஜன் மேல் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வெயில் தரைவரை இறங்குவதால்தான் கடற்புல் வளர்கிறது, அதைத்தான் ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிறது. கழிவுநீரோடு நைட்ரஜன் என்கிற சத்து அதிகம் சேர்ந்தால் மிதக்கும் பாசி பெருகி வெளிச்சத்தை மறைக்கும், புல் மெலியும். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வேலி போட முடியாத பூங்கா அது. கரையில் நாம் விடுகிறது அங்கே போகும்.

பிடித்த அழுக்கு எங்கே போகிறது

கரியும் சரி, சவ்வும் சரி, அழுக்கை அழிப்பதில்லை. தண்ணீரிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்கின்றன. நிரம்பிய கரியை ஆலையில் மறுபடி சூடேற்றி ஒட்டியதை எரித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். குப்பையில் போட்டால் அழுக்கும் குப்பைக்குப் போகிறது. கடல்நீர் ஆலையில் நூறு லிட்டர் எடுத்தால் நாற்பது லிட்டர் அளவுக்கு நல்ல தண்ணீர் வரும். மீதி அறுபது லிட்டர் கடலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் உப்போடு திரும்பும். அதை ஆழமும் ஓட்டமும் உள்ள இடத்தில் பரவலாக விட வேண்டும், கரையோரப் புல்படுகையில் கொட்டக் கூடாது.

வீட்டுக் கணக்கு இன்னும் நெருக்கமானது. போர் தண்ணீரின் டி.டி.எஸ். லிட்டருக்கு 2000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் குடிநீருக்கு அனுமதிக்கும் கடைசி வரம்பு அது. பெட்டிக்குள் நாலு லிட்டர் போனால் 8000 மில்லிகிராம் உப்பு போகிறது. ஒரு லிட்டர் குடிநீராக வருகிறது, அதில் 100 மில்லிகிராம். மிச்சம் 7900 மில்லிகிராமும் மூன்று லிட்டர் கழிவில், அதாவது லிட்டருக்கு 2600-க்கு மேல். அந்தக் குழாயைப் பெரும்பாலான வீடுகளில் கொல்லைப் பக்கம் மணலில் விட்டிருக்கிறோம்.

ராமேஸ்வரம் தீவு மாதிரி மணல் பூமியில் மழைநீர் கடல்நீரின் மேல் ஒரு திரளாக மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே அதைப் போல நாற்பது மடங்கு கடல் ஏறிவரும். நாம் இறைக்கிற ஒவ்வொரு குடமும் இந்தக் கணக்கில் சேரும்.

எங்கள் வீட்டில் அந்தக் கழிவுக் குழாயை ஒரு நீல டிரம்முக்குத் திருப்பிவிட்டோம். தரை துடைக்கவும் கக்கூஸுக்கு ஊற்றவும் அந்தத் தண்ணீர்தான். செடிக்கு ஊற்றுவதில்லை, கறிவேப்பிலை தாங்காது. அந்த உப்பும் கடைசியில் செப்டிக் டேங்க் வழியாக இதே மணலுக்குத்தான் போகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கக்கூஸுக்கென்று தனியாக மோட்டார் போடுவது நின்றுவிட்டது. டிரம் நிறைய எடுத்துப் பயன்படுத்துகிற ஒவ்வொரு நாளும், அத்தனை தண்ணீர் கீழேயே இருக்கிறது.